குடைத்துணி போர்த்திய தொட்டி

தொட்டி மீன்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, எந்தச் செடியை எந்த மண்ணில் நடுவது என்பதெல்லாம் இப்போது அச்சடித்த புத்தகமாகவே கிடைக்கிறது. அதை நான் திருப்பி எழுதினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. கல்லூரிச் சோதனைக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அட்டெண்டராக இருந்தவன் நான். எனக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். பெரும்பாலும் அவர்கள் சொன்னதைச் செய்தேன். சில சமயம் செய்யவில்லை. அப்படிச் செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எங்கள் குடும்பத்துக்குக் கோட்டாற்றில் குடைத்துணிக் கடை. வாப்பாவுக்குப் பிறகு காக்கா, அதாவது என் அண்ணன், கடையைப் பார்த்துக்கொண்டார். நான் மட்டும் கடையில் உட்காரப் பிடிக்காமல், பழையாற்றுக் கால்வாயில் மீன் பிடித்துக் குப்பியில் வளர்த்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் குப்பிகளைப் பார்த்த யாரோ சொல்லித்தான் கல்லூரியில் வேலை கிடைத்தது.

விலங்கியல், தாவரவியல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூடம். ஒரே பேராசிரியர். நெட்டையானவர், கதர்ச் சட்டை, சுருக்கமாகப் பேசுவார். அவருக்குக் கீழே, செய்முறை வகுப்பு நடத்த, ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர். தேரூர்ப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பெண். பெயர் சிவகாமி. நாங்கள் டீச்சர் என்போம். அந்தக் கூடத்தில் வேலை பார்த்த ஒரே பெண் அவர்தான். அதனாலேயே ஒரு பல்ப் உடைந்தாலும் முதலில் அவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த முதல் வருஷம், ஜன்னலோரத்தில் ஒரு சின்னத் தொட்டி இருந்தது. அதில் தண்ணீர் பச்சையாகப் போனது. ஊரில் செடிக்குப் பூஞ்சைநோய் வந்தால் துருசு அடிப்பார்கள், தெரியும்தானே, மயில்துத்தம். அது பாசியைக் கொல்லும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். வேதியியல் கூடத்திலிருந்து நீலக் கட்டி இரண்டு வாங்கிவந்து, யாரிடமும் கேட்காமல், கரைத்து ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. மீன்கள் எல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தன. செடிகள் இரண்டு நாளில் கூழாகிவிட்டன. நம் ஊர்த் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும். அப்படிப்பட்ட மென்மையான தண்ணீரில் துருசுக்கு வேகம் அதிகம் என்பதை நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து.

பேராசிரியர் வந்து பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். வெயிலாக இருக்கும் சார் என்றேன். அந்தத் தொட்டியை ஜன்னலோரம் வைக்கச் சொன்னது சிவகாமி டீச்சர். பேராசிரியர் மாணவர்கள் முன்னால் அவரைக் கண்டித்தார். உயிருள்ள ஒன்றை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாதவர்கள் உயிரியல் படித்து என்ன பயன் என்று கேட்டார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இது நடந்து ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் பெரிய தொட்டியின் கதை.

இரும்புச் சட்டம் போட்ட தொட்டி அது. ஆள் நீளம் இருக்கும். உள்ளே நாடாபோல நீண்டு வளரும் வாலிஸ்னேரியா, வேலம்பாசி, கொஞ்சம் ஆம்பல். நம் ஆட்கள் தண்ணீரில் வளர்கிற எல்லாவற்றையும் பாசி என்றுதான் சொல்வார்கள். வேலம்பாசி செடி. மீனுக்கு அது வீடு. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவனிடம் தொட்டியைக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தொட்டியில் ஒரு ஜோடி பள்ளத்தி இருந்தன. மஞ்சளாக, காசு மாதிரி வட்டமான சின்ன மீன். அவை ஒரு கல்லில் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காவல் காத்துக்கொண்டிருந்தன. குஞ்சுகள் பெற்றவற்றின் உடம்பில் ஊறுகிற வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். மாணவர்கள் வகுப்பு விட்டதும் ஓடிவந்து பார்ப்பார்கள்.

எங்கள் கல்லூரிக்கு உயிரியலில் பட்ட வகுப்பு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்து முடிவுசெய்ய திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. குழு கண்ணில் படுகிற மாதிரி, உள்மூலையில் இருந்த தொட்டியைக் காலிசெய்து கூடத்தின் முகப்பில் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே வைக்கச் சொன்னார் கல்லூரி முதல்வர். மீன் கொழுகொழுவென்று தெரிய வேண்டும் என்று இரட்டிப்புத் தீனி போடச் சொன்னார் பேராசிரியர். வெயில் ஜாஸ்தி சார் என்று நான் ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைதான். அழுத்திச் சொல்லவில்லை. அதுவும் என் தப்புக் கணக்கில் சேரும்.

பத்து நாளில் தண்ணீர் பச்சைப் பயறு வேகவைத்த நீர் மாதிரி ஆனது. கையை உள்ளே விட்டால் விரல் தெரியாது. பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் பச்சை.

குழு வர ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை பேராசிரியர் ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே நீலக் கரைசல். இதை ஊற்று என்றார். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அளந்திருக்கிறாராம். டீச்சர் பக்கத்து மேசையில் ஸ்லைடு துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பாட்டிலைத் தொடவில்லை.

"இதைப் போடமாட்டேன் சார்" என்றேன்.

அவர் என்னை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். அட்டெண்டர் ஒருவன் தன்னிடம் மாட்டேன் என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஏன் என்றார். மீன் செத்துப்போகும் என்றேன். அளந்து போட்டால் சாகாது, புத்தகத்தில் இருக்கிறது என்றார். புத்தகம் எழுதினவர் நம் ஊர்த் தண்ணீரைப் பார்த்தாரா என்று வாய்வரை வந்தது. ஆனால் எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் அடுத்துக் கேட்பார். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

சொன்னேன். போன வருஷம் அந்தச் சின்னத் தொட்டி செத்தது வெயிலால் இல்லை, நான்தான் துருசு போட்டேன், பயந்து பொய் சொன்னேன் என்று. டீச்சர் கையிலிருந்த ஸ்லைடைத் தட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

பேராசிரியர் பாட்டிலை மேசையின் நடுவில் நகர்த்தி வைத்தார். பிறகு, பாட்டில் இங்கேயே இருக்கும், குழு வரும்போது தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீ இங்கே இருக்கமாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. நீங்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் செய்யமாட்டேன் என்று சொல்ல, வேறு வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாவிட்டாலும் சொல்லலாம். வழியைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

அன்று முழுக்க டீச்சர் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை நான் தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவர்கள் வீட்டு வயலில் நாற்று நட்ட புதிதில் தண்ணீரெல்லாம் பாசியாக இருக்குமாம். பயிர் வளர்ந்து ஒன்றோடொன்று மூடிக்கொண்டால் அடியில் பாசி இருக்காதாம். யாரும் ஒன்றும் போடுவதில்லையாம். அவ்வளவுதான். அலமாரியைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

நான் துணியைப் பக்கெட்டில் போட்டுவிட்டு நேரே கோட்டாற்றுக்கு நடந்தேன்.

காக்கா கடையில் இருந்தார். கறுப்புக் குடைத்துணி பெரிய துண்டாக வேண்டும் என்றேன். எதற்கு என்றார். மீனுக்கு என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மீனுக்கு மழை பெய்தால் என்ன என்று கேட்டபடியே அளந்து கிழித்துக் கொடுத்தார்.

பதினொரு மணிக்குள் தொட்டியைச் சுற்றி இரண்டு மடிப்பாகப் போர்த்திக் கட்டிவிட்டேன். மேலே ஒரு மூலையில் மட்டும் கை போகிற அளவுக்குத் திறப்பு. தீனியை நிறுத்தினேன். நாலு நாள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் நாலு என்றால் சொல்லத் தெரியாது. வெளிச்சம் இல்லாமல் செடி எவ்வளவு தாங்கும், பாசி எவ்வளவு தாங்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பேராசிரியர் வந்து பார்த்து, செடி அழுகிவிடும், இது முட்டாள்தனம் என்றார். ஆனால் துணியை அவிழ்க்கவில்லை.

புதன்கிழமை தந்தி வந்தது. குழு திங்கட்கிழமைக்குப் பதிலாக மறுநாள் வியாழனே வருகிறது. இரவு தங்கி வெள்ளிக்கிழமை காலை திரும்புகிறது.

வியாழக்கிழமை காலை திறப்பு வழியாகக் கையை விட்டுத் துணியைச் சற்று உயர்த்திப் பார்த்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாசி சாகத் தொடங்கினால் தண்ணீரில் காற்று குறையும். அப்போது எனக்கு இந்த விளக்கம் தெரியாது. மூச்சு முட்டுகிறது என்பது மட்டும் தெரிந்தது. திறந்துவிட்டால் மீன் பிழைக்கும், ஆனால் செய்ததெல்லாம் வீண். மூடியே வைத்தால் எல்லாம் சாகலாம். மறுபடியும் மிதக்கும் மீன்களை இந்தக் கையால் அள்ள வேண்டி வரலாம்.

முந்தின நாளே கிணற்றுத் தண்ணீர் பிடித்து ஆறவைத்திருந்தேன். ரப்பர் குழாயால் அடித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, திறப்பு வழியாகச் செம்பால் உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினேன். தண்ணீர் விழுகிற இடத்தில் காற்றும் உள்ளே போகும் என்று ஒரு நம்பிக்கை. செம்பு செம்பாக ஊற்றினேன். அந்தச் சத்தத்தில் குழு உள்ளே வந்தது எனக்குக் கேட்கவில்லை.

மூன்று பேர். முன்னால் முதல்வர், பின்னால் பேராசிரியரும் டீச்சரும். முதல்வரின் முகம் சிவந்துவிட்டது. கூடத்தின் முகப்பில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், பாடையில் போர்த்தியதுபோல ஒரு கறுப்பு மூட்டை. அதன் பக்கத்தில் செம்போடு நனைந்த சட்டையில் நான். துணியை எடு என்றார் முதல்வர்.

குழுவில் வயதானவர் ஒருவர், தாவரவியல்காரர், கிட்டே வந்து "இது எந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார். தொட்டி சார் என்றேன். உள்ளே என்ன என்றார். பச்சைத் தண்ணி சார் என்றேன். முதல்வர் இருமினார். என்ன மருந்து போட்டிருக்கிறாய் என்று வயதானவர் கேட்டார். ஒன்றும் போடவில்லை, வெளிச்சத்தை நிறுத்தியிருக்கிறேன் என்றேன். ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டச் சொன்னார்.

"இப்ப திறக்கப்பிடாது சார். சனிக்கிழமை திறப்பேன்."

நாங்கள் நாளைக்கே போய்விடுவோமே என்றார் அவர்.

"அப்பம் நீங்க பாக்க முடியாது சார்."

நான் மரியாதைக்குறைவாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னேன். முதல்வர் இரண்டு அடி முன்னால் வந்து துணியின் முடிச்சில் கை வைத்தார். நான் தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவரைத் தொடவில்லை. நின்றேன், அவ்வளவுதான். உள்ளே மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவது என் முதுகுக்குத் தெரிவதுபோல இருந்தது. வயதானவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். நான் மறுபடி செம்பை எடுத்தேன்.

அன்று சாயங்காலமே முதல்வரிடமிருந்து தாள் வந்தது. குழுவின் முன்னால் உத்தரவை மீறியதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைநீக்கம். பதில் இங்கிலீஷில் இருக்க வேண்டும். எனக்குத் தமிழும் மலையாளமும் எழுத வரும், இங்கிலீஷ் வராது. வெள்ளிக்கிழமை மதியம் தாளைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வந்து அதை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொன்னார். தொட்டியை மூடியதற்கும் திறக்க மறுத்ததற்கும் வருந்துகிறேன் என்று ஒரு வரி வந்தது.

"அந்த வரி வேண்டாம் டீச்சர். எனக்கு அதுல வருத்தம் இல்ல."

"இது இல்லேன்னா உமக்க வேலை போயிரும்."

"போட்டும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "அப்பம் எதுல உமக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போன வருஷம் உங்கள் மேல் பழி விழுந்தபோது துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேனே, அதில்தான் என்றேன். அதை எழுதட்டுமா என்றார். எழுதுங்க என்றேன். யாருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று யோசித்தீரா என்றார். யோசிச்சாச்சு என்றேன். அவர் பழைய வரியை அடித்தார். சின்னத் தொட்டியில் துருசு போட்டது நான்தான், அதை மறைத்து டெமான்ஸ்ட்ரேட்டர்மேல் பழி விழவிட்டதற்கு வருந்துகிறேன் என்று எழுதினார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது, தொட்டியை மூடச் சொன்னது என் யோசனை என்று அவரும் ஒரு வரி சேர்த்துத் தன் கையெழுத்தையும் போட்டார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நான் போவதற்கு முன்பே பேராசிரியர் தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துணியை அவர் தொடவில்லை. திற என்றார். நேரம் ஆகவில்லை சார், பதினொரு மணிக்குத்தான் நாலு நாள் கணக்காகும் என்றேன். நாள் கணக்கே என் மனக்கணக்குதான், மணிக்கணக்கு வேறா என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். டீச்சரும் வந்தார்.

பதினொரு மணிக்கு முடிச்சை அவிழ்த்தேன். தொட்டியின் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துச் சுவரின் காரை வெடிப்பு தெரிந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. செடிகள் வெளிறியிருந்தன, சில இலைகள் பழுத்திருந்தன, ஆனால் நின்றன. பள்ளத்தி ஜோடி கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. குஞ்சுகள் எத்தனை இருக்கின்றன என்று பேராசிரியர் கேட்டார். நான் குனிந்து எண்ணினேன். பாதிக்கு மேலே போய்விட்டன சார் என்றேன். அவர் தலையாட்டினார். மேசைமேல் ஐந்து நாளாக இருந்த நீலப் பாட்டிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

இருட்டு விலையில்லாமல் வராது. என் வழியிலும் உயிர் போனது. யாராவது உங்களிடம் ஒன்றும் சாகாமல் பாசியைத் தீர்க்கலாம் என்று சொன்னால், அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. பட்ட வகுப்புக்கு அனுமதி உண்டு, நூலகத்தில் புத்தகம் போதாது, வாங்க வேண்டும். தொட்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த ஒரு வாரம் நாங்கள் பட்ட பாடு முழுக்க அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு வேலை போகவில்லை. பேராசிரியர் முதல்வரிடம் போய்ப் பேசியதாகப் பிறகு தெரிந்தது. சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் கண்டனம் எழுதினார்கள். டீச்சருக்கும் எழுதினார்கள். ஆனால் பேராசிரியர், போன வருஷம் கண்டித்த அதே வகுப்பில், அதே மாணவர்கள் முன்னால், அன்று தான் சொன்னது தவறு என்று சொன்னார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆனால் கிழக்கு ஜன்னல் எங்கும் போய்விடவில்லை. தொட்டியைப் பழைய மூலைக்கே மாற்ற வேண்டும் என்று கேட்டேன். வருகிறவர்கள் பார்க்க முகப்பிலேயே இருக்கட்டும் என்றார் முதல்வர். சரி என்று அந்தக் குடைத்துணியை ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். மறுநாள் ஆபீஸ் பியூன் வந்து அதைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கூடத்தின் முகப்பு அசிங்கமாக இருக்கிறதாம். நான் மறுபடி அடித்தேன். மறுபடி கழற்றினார்கள்.

மூன்றாம் தடவை பெரிய ஆணியாக வாங்கிவந்து அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதல்வர். நான் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. சுத்தியலையும் நிறுத்தவில்லை. கடைசி ஆணி இறங்குகிறவரை அவர் பின்னாலேயே நின்றார்.

"இடது பக்கம் தாழ்ந்திருக்குடே" என்றார்.

"வேணும்னுதான் தாழ்த்தியிருக்கேன் சார். பத்து மணி வெயிலு அந்தப் பக்கமாத்தான் தொட்டியில விழுது" என்றேன்.